உலோகக் காலிபரேஷன் கரைசல் ஒப்பீட்டில் விலகல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

காலிபரேஷன் கரைசல் என்பது கருவிகளைச் சரிசெய்யப் பயன்படும், உலோகத்தின் அளவு தெரிந்த கரைசல். அது ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்பீட்டின் அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது வரைபடத்தில் தங்கள் ஆய்வகத்தின் புள்ளியைத்தான். அது நடுக்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் நிம்மதி. தள்ளி நின்றால், அடுத்த அரை மணி நேரத்துக்குள் கரைசலைப் புதிதாகத் தயாரிக்கும் பேச்சு தொடங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள். விலகல் எந்தப் பக்கம், எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். அதற்கு முன்னால் புதுக் கரைசல் தயாரித்தால் அதே தவறை இன்னொரு முறை செய்ததாகத்தான் முடியும்.

இந்த ஒப்பீடுகள் இரண்டு விதம். ஒன்றில் எல்லோருக்கும் ஒரே கரைசலை அனுப்பி, அதில் உலோகம் எவ்வளவு என்று அளக்கச் சொல்வார்கள். மற்றதில் ஒவ்வொரு ஆய்வகமும் சுத்த உலோகத்தை எடைபோட்டுக் கரைத்து, மதிப்பை அறிவித்து, பாட்டிலை ஒரே இடத்துக்கு அனுப்பும். அங்கே எல்லாப் பாட்டில்களையும் ஒரே கருவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பார்கள். தேசிய அளவியல் நிறுவனங்களுக்கு இடையே நடந்த சிசிக்யூஎம்-கே143 என்ற ஒப்பீடு இரண்டாவது வகை: ஒவ்வொரு நிறுவனமும் செப்புக் கரைசல் தயாரித்தது, அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்ட் எல்லாவற்றையும் ஐசிபி-ஓஇஎஸ் கருவியில் (சூடான பிளாஸ்மாவில் தனிமம் வெளியிடும் ஒளியை அளப்பது) ஒப்பிட்டது. சோதிக்கப்படுவது அளக்கும் திறமை அல்ல, தயாரிக்கும் திறமை. இங்கே நான் பேசப்போவது இந்த வகையைப் பற்றித்தான்.

தொடங்கும் முன் மேசையில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எடைபோட்ட தாள் (தராசு காட்டிய அசல் எண்கள், கணக்கிட்ட எண்கள் அல்ல), உலோகத்தின் தூய்மைச் சான்றிதழ், பாட்டிலை அனுப்பிய நாளின் மொத்த எடை, மீதமிருக்கும் கரைசல். மூன்றாவது பல ஆய்வகங்களில் இருக்காது. அடுத்த முறையாவது எழுதி வையுங்கள். ஏன் என்று கீழே வரும்.

இன்னொன்று, திசையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டுரை முழுவதும் "அதிகம்" என்றால், நீங்கள் அறிவித்த மதிப்பு பாட்டிலில் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதல் என்று பொருள். சில அறிக்கைகள் கழித்தலை மாற்றிப் போட்டிருக்கும். அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: அறிவித்த மதிப்பு சுமார் 0.1% அதிகம்

இந்த எண்ணைப் பார்த்ததும் முதல் சந்தேகம் காற்றின் மிதப்பு மீது விழ வேண்டும். தராசு காற்றில் எடைபோடுகிறது. காற்று ஒவ்வொரு பொருளையும் அதன் கன அளவுக்கு ஏற்ப மேலே தூக்குகிறது. தராசைச் சரிசெய்யும் எடைக்கற்களின் அடர்த்தி கன மீட்டருக்கு 8000 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். செம்பின் அடர்த்தி 8960, கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் செம்பை எடைபோடும்போது மிதப்பின் பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. கரைசலின் அடர்த்தியோ 1050 மாதிரி. அது மிதப்பால் தெளிவாகவே இலேசாகத் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தராசு செம்புக்கு 5.0000 கிராம் காட்டுகிறது, தயாரான கரைசலுக்கு 500.00 கிராம். அப்படியே வகுத்தால் கிலோவுக்கு 10.000 கிராம். காற்றின் அடர்த்தியை 1.2 என்று எடுத்துத் திருத்தினால் செம்பு 4.9999 கிராம் ஆகிறது. அது பொருட்டே இல்லை. கரைசல் 500.50 கிராம் ஆகிறது. வகுத்தால் 9.990. ஆக, திருத்தம் போடாத ஆய்வகம் சரியாக 0.10% அதிகமாக அறிவித்திருக்கும். தராசு, ஆள், உலோகம் எல்லாமே நன்றாக இருந்தும் இது நடக்கும். எத்தனை முறை தயாரித்தாலும் அதே 0.10% வரும். அதனால்தான் இந்தத் தவறு உள்ளேயிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

0.1%-க்குப் பதில் 0.2% அதிகம் என்றால் திருத்தம் போட்டிருக்கிறார்கள், ஆனால் தலைகீழாக. சரிபார்க்க எளிய வழி: திருத்திய பிறகு கரைசலின் எடை கூடியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் சூத்திரத்தில் மேலும் கீழும் மாறிவிட்டது. உயரமான இடத்தில் இருக்கும் ஆய்வகம் 1.2 என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 1.0-தான். அன்றைய அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் குறித்து வைத்துக் கணக்கிடுவதே முறை.

மக்னீசியம் மாதிரி இலேசான உலோகம் என்றால் உலோகத்துக்கும் திருத்தம் வேண்டும். அதன் அடர்த்தி 1738. தனியாக அதற்கே 0.05% வரும். அது கரைசலின் திருத்தத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்வதால், இரண்டையும் விட்டுவிட்ட ஆய்வகத்தின் பிழை பாதியாகக் குறைந்து தெரியும். செம்பில் 0.1%, மக்னீசியத்தில் 0.05% என்று விலகல் வந்தால் மிதப்புதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மிதப்பைச் சரிபார்த்த பிறகும் அதே பக்கம் விலகல் மிஞ்சுகிறதா? அப்படியானால் குடுவை எவ்வளவு சூடாக இருந்தபோது எடைபோட்டீர்கள் என்று கேளுங்கள். கரைத்து முடித்த குடுவை கைக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது. ஆனால் தட்டில் வைத்தால் கடைசி இலக்கம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். சூடான சுவரை ஒட்டிக் காற்று மேலெழும்போது குடுவையை இலேசாகத் தூக்குகிறது. ஆறினால் அந்தத் தூக்கல் நிற்கும். பொறுமையில்லாமல் முதல் எண்ணை எழுதியவர் கரைசலின் எடையைக் குறைத்து எழுதிவிட்டார், மதிப்பு அதிகமாகிவிட்டது. எண் ஏறுவதைக் கண்டால் குடுவையைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போங்கள். இரவு முழுவதும் இருந்தாலும் தப்பில்லை, மூடி இறுக்கமாக இருந்தால் போதும்.

அறிகுறி: அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு வேறு அளவு

மிதப்புப் பிழை நிலையானது. இது அப்படி ஆடுகிறது என்றால் உலோகம் கரைசலுக்குள் முழுசாகப் போய்ச் சேரவில்லை, அல்லது நீங்கள் எடைபோட்டது முழுக்க உலோகமே இல்லை.

முதலாவதைப் பாருங்கள். 5 கிராம் செம்பை 50 மில்லி அமிலத்தில் கரைக்கும் கட்டத்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அதாவது ஒரே ஒரு சொட்டு வெளியே போனால் 5 மில்லிகிராம் போச்சு, 0.1% போச்சு. நைட்ரிக் அமிலத்தில் செம்பு பழுப்புப் புகையோடு நுரைத்துக் கரையும்போது குமிழி ஒவ்வொன்றும் உடையும் இடத்தில் நுண்துளிகள் தெறிக்கும். அன்று மேலே மூடியிருந்த வாட்ச் கிளாஸைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நீலப் புள்ளிகள் தெரியும். அவற்றைக் கழுவிக் குடுவைக்குள் இறக்கினீர்களா, இல்லை துடைத்துவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. முதலில் உலோகத்தின் மேல் தண்ணீர் ஊற்றி, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சூடாக்காமல் தொடங்கினால் தெறிப்பு வெகுவாகக் குறையும். இன்னும் நல்லது, கரைப்பதையும் இறுதி எடைக்கு நிரப்புவதையும் ஒரே பாத்திரத்திலேயே முடிப்பது. பாத்திரம் மாற்றாவிட்டால் மாற்றும்போது இழக்கவும் எதுவும் இல்லை.

இரண்டாவது, மேற்பரப்பு. பாட்டிலில் இருந்து எடுத்த செம்புத் துண்டு மங்கலான பழுப்பாக இருக்கிறது என்றால் அது ஆக்சைடு பூசிய செம்பு. கருப்பு ஆக்சைடில் செம்பு 80% கூட இல்லை. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடி முக்கினால் நிறம் சட்டென்று மாறி இளஞ்சிவப்பு வரும். உடனே தண்ணீரில் அலசி, எத்தனாலில் அலசி, உலர்த்தி, அதே நாளில் எடைபோட வேண்டும். நேற்றுச் சுத்தம் செய்து இன்று எடைபோட்டால் சுத்தம் செய்ததில் பாதி வீண். பொடி, மெல்லிய சீவல் இவற்றைத் தவிருங்கள். ஒரே எடைக்கு மேற்பரப்பு பல மடங்கு இருக்கும். தடித்த துண்டு அல்லது கம்பிதான் நம்பத்தக்கது.

அப்புறம் சான்றிதழ். "99.999%" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னதாக "உலோக மாசுகளின் அடிப்படையில்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். மற்ற உலோகங்களை மட்டும் அளந்து, கூட்டி, 100-லிருந்து கழித்திருக்கிறார்கள். ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஐந்து ஒன்பதுகள் கொண்ட உலோகத்தில் ஆக்சிஜன் மட்டும் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அதைத் தனியாக அளந்த சான்றிதழ் கிடைக்காவிட்டால், அந்தத் தூய்மைக்கு நீங்கள் போடும் நிச்சயமின்மை (உண்மை மதிப்பு எவ்வளவு தள்ளி இருக்கக்கூடும் என்ற அளவு) 0.001% ஆக இருக்க முடியாது.

அறிகுறி: அறிவித்த மதிப்பு குறைவு, பாட்டிலில் இருப்பது கூடுதல்

உலோகம் தானாகக் கூடாது. தண்ணீர்தான் போயிருக்கும்.

பாலிஎத்திலீன் பாட்டிலின் சுவர் வழியாகவே நீராவி கசிந்து வெளியேறும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இது நிற்காது. 100 கிராம் கரைசலில் 0.1 கிராம் நீர் போனால் செறிவு 0.1% ஏறிவிடும். தொடக்கத்தில் கேட்ட அந்த மூன்றாவது எண் இதற்குத்தான். அனுப்பிய நாளின் மொத்த எடையையும் அங்கே திறப்பதற்கு முன் போட்ட எடையையும் ஒப்பிட்டால் எவ்வளவு போனது என்று கையில் வந்துவிடும். ஒருங்கிணைப்பு ஆய்வகத்திடம் அந்த எடையைக் கேளுங்கள். ஒழுங்காக நடத்தப்படும் ஒப்பீடுகளில் குறித்து வைத்திருப்பார்கள். இழப்பு நிரூபணமானால் அது தயாரிப்பின் பிழை அல்ல, பொதி கட்டியதன் பிழை. அலுமினியப் பூச்சுள்ள பையில் பாட்டிலைப் போட்டு வெப்பத்தால் ஒட்டி அனுப்புவது இதற்கான நல்ல மருந்து.

எடை மாறவில்லை, ஆனாலும் செறிவு கூடுதலாகத் தெரிகிறதா? பாட்டிலின் தோள்பகுதியில் உள்ளே நீர்த்துளிகள் படிந்திருக்கலாம். அவை சுத்தத் தண்ணீர். கீழே இருப்பது அந்த அளவுக்குச் செறிவு ஏறிய கரைசல். திறப்பதற்கு முன் பாட்டிலைப் பலமுறை கவிழ்த்துக் கலக்கச் சொல்லும் வரி உங்கள் லேபிளில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு சதவீதமோ அதற்கு மேலோ விலகல்

பயப்படாதீர்கள், இதுதான் எல்லாவற்றிலும் எளிது. லிட்டருக்கு இவ்வளவு என்பதையும் கிலோவுக்கு இவ்வளவு என்பதையும் யாரோ கலந்துவிட்டார்கள். விலகலின் அளவு கரைசலின் அடர்த்தியோடு பொருந்துகிறதா பாருங்கள். அடர்த்தி லிட்டருக்கு 1.05 கிலோ என்றால் விலகல் 5% பக்கம் நிற்கும். பொருந்தினால் விஷயம் முடிந்தது.

விலகல் சில பத்தில் ஒரு பங்கு சதவீதம், தயாரித்ததோ அளவுக்குடுவையில் என்றால் அறையின் வெப்பத்தைப் பாருங்கள். குடுவை 20 டிகிரிக்கு அளவு பிடித்தது. தண்ணீரின் அடர்த்தி 20 டிகிரியில் 998.2, 30 டிகிரியில் 995.6. அதிலேயே கால் சதவீதம் போய்விட்டது. இந்தத் துல்லியத்தில் ஒப்பீட்டுக்குப் போகிறவர்கள் அளவுக்குடுவையை விட்டுவிட்டு முழுக்க எடையில் வேலை செய்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: ஒரு கருவியில் பொருந்துகிறது, இன்னொன்றில் விலகுகிறது

இது எனக்குப் பிடித்த அறிகுறி. ஏனென்றால் தயாரித்தவர் மேல் தவறே இல்லாமல் இது வரலாம்.

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவுக்குத் தாது அதன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணு) விகிதம் மாறும், அதோடு அணு எடையும். அட்டவணையில் 207.2 என்று இருந்தாலும், இயற்கையில் கிடைக்கும் ஈயத்துக்கு 206.14 முதல் 207.94 வரை இடைவெளி கொடுத்திருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். தராசு கிராமை எண்ணுகிறது. இடிடிஏ டைட்ரேஷன் (உலோக அணுவோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேரும் இடிடிஏ எவ்வளவு செலவானது என்று பார்ப்பது) அணுக்களை எண்ணுகிறது. ஐசிபி-எம்எஸ் (அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவி) ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பை மட்டும் எண்ணுகிறது. உங்கள் ஈயத்தின் உண்மையான அணு எடை 206.5 ஆக இருந்து, டைட்ரேஷன் கணக்கில் 207.2 போட்டால் 0.34% பொய்யான விலகல் வரும். ஐசிபி-எம்எஸ் கருவியில் ஒரே ஐசோடோப்பை வைத்து ஒப்பிட்டால் இதைவிட மோசம். லித்தியத்திலும் இதே கதை. லித்தியம்-6 பிரித்தெடுக்கப்பட்ட மிச்சம் விற்பனைக்கு வருவதால், சாதாரண லேபிள் ஒட்டிய பாட்டிலிலும் அணு எடை 6.94-க்குப் பதில் 6.99 பக்கம் இருக்கக்கூடும். ஆகவே ஈயம், லித்தியம் என்றால் மதிப்போடு ஐசோடோப்பு விகிதத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

ஐசோடோப்பு பிரச்சினை இல்லாத செம்பில் இதே அறிகுறி வந்தால் அமிலத்தைப் பாருங்கள். ஐசிபி-ஓஇஎஸ் கருவியில் அமிலம் கூடினால் தெளிப்பானிலிருந்து பிளாஸ்மாவுக்குப் போகும் அளவு மாறி, சமிக்ஞை பொதுவாகக் குறையும். எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்ற கணக்கு போதாது. 5 கிராம் செம்பைக் கரைக்கும் வினையே 13 முதல் 20 மில்லி அடர் நைட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது எவ்வளவு என்பதே கருவிக்குத் தெரியும். எல்லோரிடமிருந்தும் வரும் பாட்டில்களை நீர்க்கும்போது அமிலத்தைச் சமப்படுத்தி, மாங்கனீசு மாதிரி ஒரு உள்தரத் தனிமத்தை (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் வேறு தனிமம்) எடைபோட்டுச் சேர்த்து, விகிதத்தை அளப்பது இதற்காகத்தான். உங்கள் கரைசலின் அமிலச் செறிவைத் தப்பாகச் சொல்லியிருந்தால் அந்தச் சமப்படுத்தலே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அறிகுறி: நாளாக நாளாக மதிப்பு இறங்குகிறது, அல்லது கலங்கல்

செம்புக்கு இது அநேகமாக வராது. வெள்ளியில் கொஞ்சம் குளோரைடு பட்டால் போதும், வெண்மையாக வீழ்படியும். ஒரே மேசையில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டில் திறந்திருப்பதே ஆபத்து. வெள்ளீயமும் ஆன்டிமனியும் வெறும் நைட்ரிக் அமிலத்தில் நிலைக்காமல் ஆக்சைடாகப் படியும். வெள்ளீயத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். பாதரசம் பாலிஎத்திலீன் சுவரில் ஒட்டியும் ஆவியாகியும் மறையும். கலங்கலைக் கண்டால் வடிகட்டிவிட்டு அளக்காதீர்கள். வடிதாளில் நிற்பதும் நீங்கள் எடைபோட்ட உலோகம்தான்.

அறிகுறி: உங்கள் பாட்டில்களே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை

பெரும்பாலும் கலக்கியது போதவில்லை. அடர்ந்த கரைசல் அடியில் கனமாகத் தங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கவிழ்த்தால் கண்ணாடியில் எண்ணெய் ஓடுவது மாதிரி நெளியும் கோடுகள் தெரியும். அவை மறைந்த பிறகும் இன்னும் பலமுறை கவிழ்த்துவிட்டுத்தான் பாட்டில்களில் பிரிக்க வேண்டும். கலக்கலில் குறையில்லை என்றால் அடுத்தது நிலைமின்சாரம். உலர்ந்த அறையில் பிளாஸ்டிக் தட்டில் வைத்த செம்பு சில மில்லிகிராம் வரை பொய் சொல்லும். 5 கிராமில் 1 மில்லிகிராம் என்பது 0.02%.

ஒப்பீட்டில் இரண்டு கரைசல்கள் இருந்தால் புள்ளியியலாளர் யூடன் 1959-ல் காட்டிய வழியில் ஒன்றை எக்ஸ் அச்சிலும் மற்றதை ஒய் அச்சிலும் போடுங்கள். உங்கள் புள்ளி மூலைவிட்டத்தின் மேலேயே தள்ளி நின்றால் இரண்டிலும் ஒரே தவறு. அப்படியானால் மிதப்பு, தூய்மை, தராசு இவற்றுக்குத் திரும்பிப் போங்கள். மூலைவிட்டத்தை விட்டு விலகி நின்றால் தவறு ஒரு தயாரிப்பில் மட்டும். தெறிப்பு, கலக்கல், ஆவியாதல் இவற்றில் தேடுங்கள்.

அறிகுறி: விலகல் சின்னது, ஆனால் ஈஎன் எண் 1-ஐத் தாண்டிவிட்டது

ஈஎன் எண் என்பது விலகலை, இரு தரப்பு விரிவாக்கிய நிச்சயமின்மைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. விலகல் 0.05%, நீங்கள் சொன்ன நிச்சயமின்மை 0.02%, குறிப்பு மதிப்பினுடையது 0.03% என்றால் விடை 1.39. தோல்வி. இங்கே கரைசல் நன்றாகவே இருக்கலாம், 0.02% என்ற அந்த எண்தான் நம்பமுடியாதது. மூன்று முறை தயாரித்ததில் வந்த சிதறலை மட்டும் எடுத்து, தூய்மை, மிதப்பு, ஆவியாதல், தராசின் நேர்கோட்டுத்தன்மை ஆகியவற்றை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் அறிக்கை வந்த பிறகு, விலகலை மூடும் அளவுக்கு நிச்சயமின்மையை ஊதிப் பெரிதாக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எந்தக் கூறு விடுபட்டது, ஏன் அந்த அளவு என்று பெயர் சொல்லிச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். முடியாவிட்டால் அந்த 1.39 அப்படியே பதிவில் இருக்கட்டும். உங்கள் கரைசலை வைத்துக் கருவியைச் சரிசெய்து, குடிநீரில் ஈயம் எவ்வளவு என்று யாரோ சொல்லப்போகிறார்கள்.

குறிப்பு மதிப்பையே சந்தேகிக்கலாமா? சந்தேகிக்கலாம். பங்கேற்றவர்களின் இடைநிலை மதிப்பைக் குறிப்பாக எடுத்திருந்து, அவர்களில் பாதிப் பேருக்கு மேல் மிதப்பை விட்டிருந்தால், சரியாகச் செய்தவர்தான் 0.1% குறைவாகத் தெரிவார். அதனால் உங்கள் எடைத்தாளில் குறையே காணாவிட்டால், கூலோமெட்ரி (செலவான மின்னூட்டத்திலிருந்து அளவைக் கணக்கிடும் முறை) அல்லது இடிடிஏ மாதிரி எடைபோடும் தயாரிப்போடு சம்பந்தமில்லாத ஒரு முறையில் மதிப்பிட்டுப் பார்த்து, எண்களோடு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள்.

காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றிய பிறகு

இப்போது புதிதாகத் தயாரிக்கலாம். உலோகம் வேறு லாட்டிலிருந்து வரட்டும், தயாரிப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும், முடிந்தால் தராசும் வேறாக இருக்கட்டும். 5 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். 0.1 மில்லிகிராம் சந்தேகம் 5 கிராமில் 0.002%, ஆனால் 0.1 கிராமில் அதுவே 0.1%. புதியதையும் மீதமுள்ள பழையதையும் ஒரே அமிலத்தில், ஒரே உள்தரத்தோடு நீர்த்து, பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றிக் கருவியில் ஓட்டுங்கள். கருவியின் நகர்வு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். நீங்கள் சந்தேகித்த காரணம் சரியென்றால், இரண்டின் அளந்த விகிதமும் திருத்திய கணக்கு சொல்லும் விகிதமும் ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் பழைய பாட்டிலின் லேபிளை இன்னும் மாற்றாதீர்கள். அறிகுறிகளின் பட்டியலுக்கு மறுபடி வந்து, இந்த முறை மீதி விலகலின் திசையைப் பாருங்கள்.